மடமும் சந்தையும்

கி.பி. 320ஐ ஒட்டி, எகிப்தின் நைல் ஆற்றங்கரையில் தபென்னிசி என்னுமிடத்தில் பக்கோமியுஸ் கூட்டுவாழ்வு மடம் ஒன்றை நிறுவினார். துறவியர்க்குத் தனியுடைமை இல்லை. அவர்கள் முடைந்த பாய்களும் கூடைகளும் படகேறி அலெக்சாந்திரியா வரை சென்றன. கிளை மடத்தார் ஆண்டுதோறும் தலைமை மடத்தில் கூடிக் கணக்கு ஒப்படைத்தனர்.

ஒருமுறை செருப்பு விற்கச் சென்ற துறவி, குறித்த விலையினும் மிகுதியான பணத்துடன் திரும்பினாராம். விலை மிகக் குறைவென்று கருதி, வாங்கியோரே கூட்டிக் கொடுத்த பணம் அது! ஆயினும் பக்கோமியுஸ் மிகுதியைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். அவரை அப்பணியினின்றும் நீக்கினார். விற்பனை வேண்டும், ஆதாயவேட்கை கூடாது என்னும் இந்நெறியைக் காப்பது எளிதாக இல்லை. பக்கோமியுஸின் மறைவுக்குப்பின் மடங்களின் நிலங்களும் படகுகளும் பெருகின. அவர்தம் மாணவர் தியோடோர் அதுகண்டு மகிழவில்லை, வருந்தினார்.