ஆலைப் புகை: அம்பாங்கான் மக்கள் புகார் எழுதும் முறை

செனாவாங் தொழிற்பேட்டைப் பக்கமிருந்தோ தோட்டத்துச் செம்பனை ஆலையிலிருந்தோ புகை வந்தால், அம்பாங்கானில் நம்மவர்கள் சன்னலைச் சாத்திவிட்டு வாட்சாப் குழுவில் ஒரு வரி போடுவார்கள். அதோடு சரி. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன் கீழ் வந்த 2014-ஆம் ஆண்டுத் தூய காற்று விதிமுறைகளும் நம் பக்கம்தான் இருக்கின்றன. 2024 திருத்தத்திற்குப் பிறகு சில குற்றங்களுக்கு அபராதம் 1 கோடி வெள்ளி வரை போகும். ஆனால் புகை கலைந்துவிடும். அதிகாரி வந்து சேரும் நேரத்தில் புகைபோக்கி சுத்தமாக நிற்கும். எனவே புகை வந்த நேரத்துப் பதிவு நம் கையில் இருக்க வேண்டும்.

முதலில், வருவது புகையா நீராவியா என்று பாருங்கள். ஆலையிலிருந்து எழும் நீராவி வெள்ளையாக இருக்கும். சற்றுத் தூரம் போனதும் மறைந்துவிடும். புகை மறையாது, பழுப்பாகவோ கறுப்பாகவோ நீண்டு கிடக்கும். இது தெரியாமல் நீராவியைப் படமெடுத்து அனுப்பினால் அடுத்த புகாரையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், எந்தப் புகைபோக்கி, காற்று எந்தத் திசையில் அடித்தது, என்ன வாடை, வீட்டில் யாருக்கு இருமல் என்று அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுவதில் பயனில்லை. ஒரே இடத்தில் நின்று, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி, பக்கத்துக் கட்டடமோ தண்ணீர்த் தொட்டியோ தெரியும்படி காணொளி எடுங்கள். கறுப்பின் அளவைச் சொல்ல ரிங்கல்மான் அட்டை என்று ஒன்று உண்டு; அதில் 1-ஆம் எண் 20 விழுக்காடு கறுப்பு, 2-ஆம் எண் 40. அதிகாரிகளும் இந்தக் கணக்கில்தான் பேசுவார்கள். கொதிகலனைப் பற்றவைக்கும்போது சிறிது நேரம் கறுப்பாக வருவது வழக்கம். அதற்குமேல் நீடிக்கிறதா, தினமும் ஒரே நேரத்தில் வருகிறதா என்பதைக் கவனியுங்கள். ஒரு மாதப் பதிவைப் புரட்டினால் அது தானாகத் தெரியும்.

செம்பனை ஆலை, நார்களையும் ஓடுகளையும் கொதிகலனில் எரிக்கிறது. ஒரு கன மீட்டர் புகைக்காற்றில் தூசு 400 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது 1978 விதி. 2014-இல் அதை 150 ஆகக் குறைத்து, பழைய ஆலைகள் மாறிக்கொள்ள 5 ஆண்டு அவகாசம் தந்தார்கள். அந்த அவகாசம் முடிந்துவிட்டது. இந்த ஆலைகள் சுற்றுச்சூழல் துறையின் உரிமத்தில்தான் ஓடுகின்றன. அந்த உரிமத்தில் நிபந்தனைகள் இருக்கும். ஆகவே ‘புகை தாங்கவில்லை’ என்று மட்டும் எழுதாமல், ‘உரிம நிபந்தனைப்படி தூசு அளவு இருக்கிறதா என்று புகைபோக்கியிலேயே சோதித்து, முடிவை எங்களுக்குத் தெரிவியுங்கள்’ என்று கேளுங்கள். பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி அது.

இன்னொன்று. ‘காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 50-க்குள் இருக்கிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் நிலையங்கள் ஊர்க்காற்றை அளக்கின்றன. புகைபோக்கிக்கான வரம்பு வேறு. குறியீடு நன்றாக இருக்கும் நாளிலும் ஓர் ஆலை விதியை மீறலாம். போர்ட்டிக்சன் பக்கம் ஜிமாவிலுள்ள நிலக்கரி மின்நிலையங்களுக்கும் இதே கணக்குதான். அங்கே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் ஒப்புதல் நிபந்தனைகளும் சேரும். புகாரில் அவற்றையும் குறிப்பிடுங்கள்.

யாருக்கு அனுப்புவது? ஆலைப் புகைக்குச் சுற்றுச்சூழல் துறை, அதாவது ஜபாத்தான் அலாம் செகித்தாரின் நெகிரி செம்பிலான் அலுவலகம். கட்டணமில்லாத் தொலைபேசி 1-800-88-2727. உரிமம் இல்லாமல் தாமான் பக்கத்தில் நடக்கும் பட்டறை என்றால் சிரம்பான் மாநகர் மன்றம். ஆலைக்குள் தொழிலாளர் மூச்சுத் திணறினால் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை. கடிதத்தை மலாயில் எழுதுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள்.

தோட்டத்து வீட்டில் இருந்துகொண்டு அதே நிர்வாகத்தின் ஆலைமீது எழுத நம் குடும்பங்கள் அஞ்சுகின்றன. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கின்றன. அதனால் தனி ஆள் பெயரில் எழுத வேண்டாம். கோயில் நிர்வாகக் குழு, தாமான் குடியிருப்பாளர் சங்கம், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் பெயரில், பல வீட்டுக் குறிப்புகளையும் சேர்த்து அனுப்புங்கள்.

கண் எரிந்து, தொண்டை கரித்து, தலை சுற்றினால் படமெடுக்க நிற்காதீர்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிப் போய், 999-ஐ அழையுங்கள். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் 2,700-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை தேடி ஓட வேண்டியிருந்தது, பள்ளிகள் மூடப்பட்டன.

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் அனுப்புங்கள். நகலை அம்பாங்கான் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் பொதுப் புகார் பிரிவுக்குப் போகலாம். அங்கே எடுத்துச் செல்ல வேண்டியவை இரண்டு கடிதங்களின் நகல்கள், முத்திரையிட்ட தாள், அந்த நோட்டுப் புத்தகம்.