கழுவெளியும் செயற்கைக்கோளும்

முன்னுரை

திண்டிவனம் சூழ்ந்த நிலப்பகுதி சங்க காலத்தில் ஓய்மா நாடு என வழங்கிற்று. அதன் தலைவன் நல்லியக்கோடனைப் போற்றும் சிறுபாணாற்றுப்படை, பாணன் செல்லும் வழியை நிலத்தின் இயல்பு கொண்டே உணர்த்துகிறது. எயிற்பட்டினம் நெய்தலாகவும், வேலூர் முல்லையாகவும், ஆமூர் மருதமாகவும் காட்சி தருகின்றன. எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பர் அறிஞர். நிலத்தை அதில் வாழும் உயிர்களோடு சேர்த்து அறிவது நம் முன்னோர் நெறி. செயற்கைக்கோள் வழி நிலத்தை வரையும் இக்காலக் கலையும் அந்நெறிக்குத் துணையாகுமா என்பதைக் கழுவெளியை முன்வைத்து ஆராய்வோம்.

கழுவெளியின் இயல்பு

விழுப்புரம் மாவட்டத்தின் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்துள்ள கழுவெளி, கழியின் வாயிலாக வங்கக்கடலோடு இணைகிறது. கடற்புறம் உவர்நீரும் உட்புறம் மழை தரும் நன்னீரும் நிற்பதால், மருதமும் நெய்தலும் இங்கு ஒன்றையொன்று தழுவுகின்றன. தொலைநாட்டுப் பறவைகள் பனிக்காலத்தைக் கழிக்க இங்கு வருகின்றன. 5,151.6 எக்டேர் பரப்புள்ள இந்நிலம் 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்று, 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

வானிலிருந்து காணும் முறை

நீர், அகச்சிவப்புக் கதிரை உட்கொள்வதால் செயற்கைக்கோள் படத்தில் இருண்டு தோன்றும். பசுந்தழை அதனை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதால் வேறுபட்டுத் தெரியும். இவ்வேறுபாட்டைக் கொண்டே நீர்ப்பரப்பும் நாணற்காடும் வயலும் பிரித்தறியப்படுகின்றன. நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோள் 1988இல் விண்ணில் ஏவப்பட்டது. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2006–07ஆம் ஆண்டுப் படங்களைக் கொண்டு நாட்டின் ஈரநில வரைபடத்தொகுதியை உருவாக்கியது.

அத்தொகுதிக்கு மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் பயன்பட்டமை கருதத்தக்கது. கோடைப் படத்தை மட்டும் நோக்கினால், வறண்ட ஏரி தரிசாகவே தோன்றும். தரிசு என்று பெயர் பெற்ற நிலத்தைத் தூர்க்கத் தயங்குவார் இல்லை. இருபருவப் படங்களையும் வருவாய்த்துறை நில அளவைப் படத்தின்மீது பொருத்தினால், எந்தப் புல எண் மழைக்காலத்தில் நீரில் மூழ்குகிறது, உப்பளமோ இறால் பண்ணையோ எங்கு நீர்நிலைக்குள் நுழைந்துள்ளது என்பன ஐயமின்றி விளங்கும்.

ஆட்சி எல்லைகளைக் கடந்து காண்பதும் இம்முறையின் சிறப்பாகும். ஊசுட்டேரி புதுச்சேரியிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் பரவியுள்ளது. புதுவைப் பகுதி 2008இலும் தமிழகப் பகுதி 2015இலும் தனித்தனியே சரணாலயங்களாயின. படத்திலோ அஃது ஒரே ஏரி.

கருவியின் எல்லை

எனினும், லிஸ்–3 கருவியின் படத்தில் ஒரு புள்ளி 23.5 மீட்டர் நிலத்தைக் குறிக்கும். அதில் பறவையைக் காண இயலாது. கோரையும் நெல்லும் மயங்குதலும் உண்டு. ஆகவே களத்தில் சென்று சரிபார்த்தல் இன்றியமையாதது. 1154இல் உலகப்படம் வரைந்த அல்இத்ரீசியும் பயணிகளிடம் கேட்டறிந்தே அதனை நிறைவு செய்தார். கழுவெளியின் பயணிகள், அதன் மீனவரும் மேய்ப்பருமே ஆவர். எம்மாதம் எவ்விடத்தில் எப்பறவை இறங்கும் என்பதை அவர்களே அறிவர்.

முடிவுரை

படைப்பு அனைத்தும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தைக் காப்பவர்க்கு அதன் அளவும் எல்லையும் தெரிந்திருத்தல் வேண்டும். செயற்கைக்கோள் அளவைத் தரும். ஊரார் பொருளைத் தருவர். மாணவர் கையில் இடங்காட்டிக் கருவியும், பெரியோர் நாவில் ஓடை, திட்டு, துறை ஆகியவற்றின் பழம்பெயர்களும் உள்ளன. இவ்விரண்டையும் ஒரே வரைபடத்தில் பதிவு செய்வோமாயின், கழுவெளியைத் தரிசென்று கூற எவருக்கும் இடமிராது.