காசுக்கு ஞாபகம் கிடையாது

நம்பிக்கை: சீட்டு விழும், இல்லாவிட்டால் விழாது. ஆகப் பாதிக்குப் பாதி.

உண்மை: புதுக்கோட்டைப் பக்கம் குலுக்கல் சீட்டு போடும் இடங்களில் சாதாரணமாகக் காதில் விழும் கணக்கு இது. டப்பாவில் 20 பேர் சீட்டு இருந்தால் உங்களுடையது ஒன்று, மற்றவை 19. முதல் குலுக்கலில் உங்களுக்கு விழும் நிகழ்தகவு 20-இல் 1, அதாவது நூற்றுக்கு 5. வீட்டில் இருவர் சேர்ந்திருந்தால் நூற்றுக்கு 10.

நம்பிக்கை: முதல் மாதம் தவறினால் யோகம் போச்சு.

உண்மை: எடுத்த சீட்டைத் திரும்பப் போடுவதில்லை. இரண்டாம் மாதம் உங்களுக்கு விழ வேண்டுமானால் முதல் மாதம் தவற வேண்டும்; அதற்கு 20-இல் 19. பிறகு மிச்சமுள்ள 19-இல் உங்கள் சீட்டு வர வேண்டும். பெருக்கிப் பாருங்கள், 19 அடிபட்டுப்போய் மறுபடியும் 20-இல் 1. கடைசி மாதம்வரை இதே கதைதான். பணம் முன்னால் கைக்கு வந்தால் வட்டி லாபம் உண்டு. அது வேறு விஷயம்.

நம்பிக்கை: இத்தனை நாள் வரவில்லை, இனி வந்தே தீரும்.

உண்மை: டப்பாவுக்கு இது ஓரளவு சரி. 15 பேருக்கு விழுந்த பிறகும் உங்கள் சீட்டு உள்ளேயே கிடந்தால் அடுத்த மாத வாய்ப்பு 5-இல் 1. ஆனால் புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசு ஒன்றை எடுத்துச் சுண்டுங்கள். ஒருபுறம் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் 'விஜய'. அடுத்தடுத்து 6 தடவை 'விஜய' விழுந்தாலும் 7-ஆவது தடவை அம்மன் வர வாய்ப்பு அதே பாதிதான். (பழைய காசுகள் கையால் அடித்தவை; இரு பக்கமும் எடை சமம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.) டப்பாவில் சீட்டு குறைகிறது, காசில் எதுவும் குறைவதில்லை. 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரி தடையாகும்வரை, ரொம்ப நாள் வராத கடைசி எண்ணைத் தேடித்தேடி வாங்கியவர்கள் காசுக்கு டப்பாவின் கணக்கைப் போட்டவர்கள்.

நம்பிக்கை: குழந்தை எடுத்தால் கைராசி.

உண்மை: குழந்தையை அழைப்பது ராசிக்காக இல்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் இட்டு ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. குடத்தைச் சபையோர் எல்லோரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒரு குடும்பின் (ஊர்ப் பிரிவின்) ஓலைகளை வேறு குடத்தில் இட்டுக் குலைக்க வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓர் ஓலையை எடுக்க, மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! எந்த ஓலைக்கும் கூடுதல் சலுகை இல்லை என்று உறுதியானால்தான் 'இத்தனையில் ஒன்று' என்ற கணக்கே நிற்கும். நம் டப்பாவில் ஒரு சீட்டை மட்டும் கெட்டி அட்டையில் எழுதினால் 20-இல் 1 அங்கேயே செத்துப்போகும்.

அங்கும் ஊரார் அனைவருக்கும் ஒரே வாய்ப்பு இருக்கவில்லை. 30 குடும்புகள், குடும்புக்கு ஒருவர். தகுதியுள்ளவர் 5 பேர் இருக்கும் குடும்பில் ஒருவருக்கு 5-இல் 1 என்றால், 10 பேர் இருக்கும் குடும்பில் 10-இல் 1.