நம்பரைக் கேட்காதீர்கள், பிளக்கைப் பாருங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

கலிஃபோர்னியாவில் பழைய யமஹா பேன்ஷி ஏடிவி ஒன்றை வாங்கி, சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, மெயின் ஜெட் எந்த நம்பர் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பர் எதையும் நான் எழுதப்போவதில்லை. ஒரே மாதிரி மாற்றிய இரண்டு பேன்ஷிகளுக்கே ஒரே ஜெட் ஒத்துவராமல் போகலாம். ஓட்டும் இடத்தின் உயரம், அன்றைய குளிர், ஊற்றும் பெட்ரோல் எல்லாம் சேர்ந்துதான் அந்த நம்பரை முடிவு செய்கின்றன. உங்கள் இன்ஜினுக்கு எது சரி என்பதை ஸ்பார்க் பிளக்கில் பார்க்கலாம். ஆனால் அதைக் கழற்றும் நேரம் முக்கியம்.

பலரும் தவறுவது இதில்தான். ஆசை தீர ஓட்டிவிட்டு, மெதுவாகத் திரும்பி வந்து, கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டு, பிறகு பிளக்கைக் கழற்றுகிறார்கள். அப்போது தெரிவது ஐடிலின் நிறம். கார்புரேட்டரில் த்ராட்டிலின் முதல் கால் பங்கைப் பெரும்பாலும் பைலட் ஜெட்டும், நடுப்பகுதியை நீடிலும், கடைசிக் கால் பங்கை மெயின் ஜெட்டும் பார்த்துக்கொள்கின்றன. மெயின் ஜெட்டைச் சோதிக்க வேண்டுமானால், முழு த்ராட்டிலில் ஓடும்போதே இன்ஜினை அணைக்க வேண்டும்.

இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டுப் புதுப் பிளக்குகளை மாட்டுங்கள். ஆளில்லாத நீண்ட சமதளத்தில், மேல் கியரில், கட்டைவிரலால் த்ராட்டிலை முழுதாக அழுத்திச் சில விநாடிகள் ஓட்டுங்கள். கில் சுவிட்சைத் தட்டும் அதே கணத்தில் கிளட்சைப் பிடியுங்கள். வண்டி தானாக உருண்டு நிற்கட்டும். மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் பிளக்கைக் கழற்றுங்கள்.

நுனியின் நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நடுப் பீங்கான் இரும்புக் கூட்டுக்குள் இறங்கும் அடிப்பகுதியை டார்ச் அடித்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். அங்கே இளம்பழுப்பாக ஒரு வளையம் இருந்தால் சரி. வளையம் கறுத்து அகன்றிருந்தால் பெட்ரோல் அதிகம்; அடுத்த சின்ன நம்பருக்கு இறங்கலாம். வளையமே இல்லாமல் பீங்கான் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. பீங்கான்மேல் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகளோ, பளபளக்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் பிஸ்டன் சேதமாகிக்கொண்டிருக்கிறது. அதற்குமேல் வண்டியை எடுக்கவே கூடாது.

பீங்கான் வெளுத்திருக்கிறதே என்று குளிர்ந்த ரகப் பிளக்குக்கு மாறிவிடாதீர்கள். என்ஜிகே பிளக்கின் வெப்ப எண்ணில் 8-ஐவிட 9 குளிர்ந்தது. மாற்றினால் நிறம் கொஞ்சம் கூடலாம். பெட்ரோல் பற்றாக்குறை அப்படியேதான் இருக்கும். பேன்ஷியில் இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர் என்பதால் இரண்டு பிளக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் ஜெட்டைத் தொடும் முன் அந்தப் பக்கத்து ரப்பர் இணைப்பையும் கிராங்க் சீலையும் சோதியுங்கள். எங்கோ காற்று கசியலாம்.

இவ்வளவு கவனம் ஏன் என்றால், இது டூ ஸ்ட்ரோக். ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் வெப்பம் ஏறும்போதே பிஸ்டனுக்குக் கிடைக்கும் ஆயிலும் குறைந்துவிடும். அதே ஜெட்டை வைத்துக்கொண்டு ஆயிலைக் கூட்டிக் கலப்பதும் தீர்வல்ல. ஜெட் வழியே போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும்.

இடம் மாறினால் மறுபடி பாருங்கள். யூட்டாவின் கோரல் பிங்க் மணல்மேடுகள் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளில் சரியாக இருந்த ஜெட்டோடு அங்கே ஓட்டினால் பிளக்கில் கரி பிடிக்கும். சின்னது போட வேண்டும். ஆபத்து திரும்பி வரும்போதுதான். அந்தச் சின்ன ஜெட்டோடு தாழ்வான கிளாமிஸின் குளிர்காலக் காலையில் முழு த்ராட்டில் கொடுத்தால் பிஸ்டன் சிக்கி இன்ஜின் சீஸ் ஆகிவிடலாம்.

ஆகவே எப்போதும் பெரிய ஜெட்டில் தொடங்கி, படிப்படியாக இறங்குங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜெட் நம்பர், உயரம், வெப்பநிலை, வளையத்தின் நிறம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த கடிதத்தில் அந்தக் குறிப்புகளை அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.