முடிச்சுப் போடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பத்துப் படங்களில் எட்டு கலங்கியிருக்கின்றன. கேமராவைத் திட்டாதே. அதைப் பட்டத்து நூலில் நேராகக் கட்டியிருக்கிறாய். நூல் அதிர்ந்தால் கேமராவும் அதிரத்தான் செய்யும்.

1888-இல் பிரான்சின் லாப்ருகியேரில் ஆர்த்தூர் பத்யூ கேமராவைப் பட்டத்தின் மேலேயே பொருத்தினார். மெல்ல எரியும் திரி ஒன்றுதான் அவருக்கு ஷட்டரைத் திறந்துவிட்டது. பட்டம் துள்ளினால் கேமராவும் துள்ளும். 1912-இல் பிகாவே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், கேமராவை நூலில் ஒரு தொங்கலில் மாட்டி, இதற்கு வழி கண்டார். இன்றும் அந்தத் தொங்கலுக்கு அவர் பெயர்தான். அதையே நீயும் செய்.

ஒரு முழம்கூட இல்லாத இரண்டு அலுமினியப் பட்டைகளைக் குறுக்காக வைத்துத் திருகு; இதுதான் கேமரா தொங்கும் சட்டம். நான்கு முனைகளிலும் வழவழப்பான வளையம். பட்டத்து நூலில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு கொக்கிகள். இனி ஒரே கயிறு: முதல் கொக்கியிலிருந்து ஒரு முனைக்கு இறங்கி, இரண்டாம் கொக்கிக்கு ஏறி, அடுத்த முனைக்கு இறங்கி, மறுபடி முதல் கொக்கிக்கு. இப்படி நான்கு முனைகளையும் தொட்டுவிட்டுத் தொடங்கிய இடத்தில் முடியும். பட்டம் மேலேறி நூலின் சாய்வு மாறும்போது கயிறு வளையங்களில் வழுக்கி ஓடும். சட்டம் மட்டமாகவே நிற்கும்.

என் முதல் சட்டத்தில், அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில், ஒவ்வொரு வளையத்திலும் முடிச்சுப் போட்டேன். நூல் சாய்ந்த பக்கமெல்லாம் கேமராவும் சாய்ந்தது. கடலைப் படமெடுக்கப் போய் முப்பது தடவை வானத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். கயிறு ஓட வேண்டும். ஓடினால்தான் கேமரா நிற்கும். மணல் ஒட்டினால்கூட ஓட்டம் கெடும், கடற்கரையில் சட்டத்தைத் தரையில் வைக்காதே. கயிறும் பின்னல் கயிறாக இருக்கட்டும். முறுக்குக் கயிறு பாரம் ஏறியதும் பிரிந்து சட்டத்தையே சுழற்றிவிடும்.

முதலில் மொட்டைமாடித் துணிக்கொடியில் மாட்டிப் பார். கொடியின் ஒரு முனையைத் தூக்கு, இறக்கு, உலுக்கு. சட்டம் மட்டம் தப்பவில்லையென்றால் பட்டத்துக்குப் போகலாம். அப்போதும் கேமரா வேண்டாம். அதன் எடை 300 கிராம் என்றால், காலி பாட்டிலில் 300 மில்லி தண்ணீர் ஊற்றித் தொங்கவிடு. விழுந்தால் தண்ணீரோடு போகட்டும். நூல் அதிர்ந்து அதிர்ந்து திருகாணி கழன்றுகொள்ளும். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நகப்பூச்சு வை. கேமராவுக்குத் தனியாக ஒரு காப்புக் கயிறும் கட்டு.

பட்டத்தை முதலில் தனியாக ஏற்று. முப்பது மீட்டர் நூல் விட்டு, கால் மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே சட்டத்தை மாட்டு. கையுறை போட்டுக்கொள். மாஞ்சா நூலைத் தொடாதே. மின்கம்பி, விமான நிலையம், ஆள்கூட்டம் இருக்கும் பக்கம் போகவே போகாதே.

காற்று விட்டுவிட்டு அடிக்கிற நாளில் பட்டத்தை இறக்கிச் சுருட்டிவிடு. அன்றைக்குப் படம் இல்லை, அவ்வளவுதான்.

அன்புடன்,
அண்ணன்