பூனையும் அமானிதமே



கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிற மயிலாப்பூர்க் குடும்பங்களின் பூனைகளைப் பார்த்துக்கொண்டு கூலி வாங்கலாமா என்று நம் மஹல்லா மாணவர் ஒருவர் கேட்டார். தாராளமாக வாங்கலாம். பூனையை விற்பதில்தான் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இதுவோ உழைப்புக்கான கூலி.

சிறு தொழில்தானே என்று கூச வேண்டாம். ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ துஆச் செய்துவிட்டுக் கடைவீதிக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் வைத்துத் தொடங்கிய வியாபாரம், பின்னாளில் அவர்களைப் பெரும் செல்வந்தராக்கியது.

தொழில் சிறியது, பொறுப்பு சிறியதல்ல. பூனையை அடைத்துவைத்து, உணவும் தராமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகம் புகுந்ததாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இங்கே பூனையோடு வீட்டுச் சாவியும் நம் கையில் இருக்கிறது.

ஆகவே முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை நாள், என்ன தீனி, கூலி எவ்வளவு, நோய் வந்தால் எந்த மருத்துவர், அந்தச் செலவு யாருடையது. சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கினால், பிறகு மனக்கசப்புதான் மிஞ்சும். குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியதுதான்.

பெற்றோர்களே, படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று தடுக்காதீர்கள். ஒரு கணக்கு நோட்டு வாங்கிக் கொடுங்கள். அல்லாஹ் பரக்கத் செய்வானாக.