பாலைக்கு ஏற்ற உடை

ஜோத்பூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, டிசம்பர் மாத வார இறுதியில் ஜெய்சல்மேர் செல்லத் திட்டமிட்டது. வெள்ளி இரவு தொடர்வண்டியில் ஏறினால் விடியலில் அங்குச் சேரலாம். சனிக்கிழமை மாலை சம் மணற்குன்றுகளில் ஒட்டகச் சவாரி, இரவு கூடாரத்தில் தங்கல், ஞாயிறன்று கோட்டை. ஏற்பாடுகள் யாவும் எளிதில் முடிந்தன. துணிப்பையை அடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்கியது.

எட்டாம் வகுப்பில் பயிலும் அக்காள், கையில்லாத கருப்புச் சட்டை, இறுக்கமான ஜீன்ஸ், புதிதாக வாங்கிய திறந்த செருப்பு ஆகியவற்றை எடுத்து வைத்தாள். பொன்னிற மணலில் கருப்பு உடை எடுப்பாகத் தெரியும், ஒளிப்படம் அழகாக அமையும் என்பது அவள் எண்ணம். தம்பிக்கு அந்தக் கவலை இல்லை. அரைக்காற்சட்டை ஒன்று போதும் என்றான்.

மதுரையிலிருந்து வந்திருந்த பாட்டி, தம் சுங்குடிச் சேலைகளை மடித்தவாறே, "குளிருக்கு என்ன எடுத்தாய், கண்ணு?" என்று கேட்டார்.

"பாலைவனத்தில் குளிர் ஏது, பாட்டி? அங்கே வெயில்தானே!" என்று அக்காள் சிரித்தாள். பாட்டி மறுமொழி கூறவில்லை. மூன்று கம்பளிச் சால்வைகளைத் தம் பையின் அடியில் வைத்துக்கொண்டார்.

பாலை என்றாலே வெப்பம் என்று எண்ணுவது இயல்பே. தமிழ் இலக்கியம் கூறும் பாலையும் வெப்பம் மிக்கதுதான். ஆனால், அது மணற்பரப்பு அன்று. மழையின்றி வறண்டு திரிந்த முல்லையும் குறிஞ்சியுமே ஆகும். தார் பாலைவனம் வேறு வகையானது. அங்குக் காற்றில் ஈரம் குறைவு. வானில் மேகமும் குறைவு. பகலில் மணல் விரைந்து சூடேறும். கதிரவன் மறைந்ததும் அவ்வெப்பத்தைத் தடுத்து நிறுத்த மேகப் போர்வை இல்லாமையால், மணல் விரைந்து குளிர்ந்துவிடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஜெய்சல்மேரில் பகல் வெப்பநிலை ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ் இருக்கும். இரவில் அது 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. கோடையில் பகல் வெப்பநிலை 45 பாகையையும் கடக்கும். ஆகவே, அங்கு வாழ்வோரின் உடை வெயில், குளிர், மணற்காற்று ஆகிய மூன்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

சம் மணற்குன்றுகள் ஜெய்சல்மேருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. அங்கு இறங்கிய கால் மணி நேரத்திலேயே அக்காளின் செருப்பில் மணல் புகுந்தது. நான்கு அடிக்கு ஒருமுறை நின்று உதறினாள். வெயில் பட்ட தோள்கள் எரிந்தன. ஒட்டகத்தின் முதுகில் ஏற முயன்றபோது, இறுக்கமான ஜீன்ஸ் காலை அகற்ற விடவில்லை. தம்பியின் நிலையும் அதுவே. சேணத்தின் முரட்டுத் துணி அவன் தொடையை உராய்ந்தது.

ஒட்டகக்காரர் முதியவர். முழுக்கை வைத்த தளர்ந்த வெண்ணிறச் சட்டை, வேட்டி, செந்நிறத் தலைப்பாகை, முனை வளைந்த தோல் காலணி ஆகியவற்றை அணிந்திருந்தார். "கம்மா கணி" என்று வணங்கிய அவரை அக்காள் உற்று நோக்கினாள். நாள் முழுதும் மணலில் நடந்தும் அவர் உடையில் சோர்வு தெரியவில்லை. அங்கிருந்தோர் அனைவரிலும் அவரே மிடுக்காக இருந்தார்!

தளர்ந்த உடைக்கும் உடலுக்கும் இடையே காற்று உலவும். வியர்வை எளிதில் ஆவியாகும்; ஆவியாகும்போது உடல் குளிரும். இறுக்கமான உடையில் இதற்கு இடமில்லை. சினாய்ப் பாலையில் வாழும் பெதுவின் மக்கள் கருப்பு அங்கி அணிவது ஏன் என்று அறிவியலாளர் சிலர் ஆராய்ந்தனர். அவ்வாய்வு 1980ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியானது. கருப்பு அங்கியின் மேற்புறம் வெள்ளை அங்கியைவிட மிகுதியாகச் சூடேறியது. ஆனால், உடலைச் சென்றடைந்த வெப்பம் இரண்டிலும் ஒன்றே. அங்கி தளர்வாக இருந்தமையால், மிகுந்த வெப்பத்தைக் காற்று வெளியே கொண்டு சென்றுவிட்டது. ஆதலால் அக்காள் தேர்ந்த நிறத்தில் பிழை இல்லை, தையலில்தான் பிழை.

தலைப்பாகையின் கதை இன்னும் சுவையானது. தம்பி அதைச் சுட்டி, "தொப்பிபோல் கழற்றலாமா?" என்று கேட்டான். தந்தையார் அதனை இந்தியில் எடுத்துரைத்தார். முதியவர் நகைத்து, தம் பையிலிருந்த வேறொரு நீண்ட துணியை எடுத்து விரித்தார். துணி முடிவின்றி நீண்டுகொண்டே சென்றது. தலைப்பாகைத் துணி எட்டு, ஒன்பது மீட்டர் நீளம் இருப்பதுண்டு. அதன் மடிப்புகளில் தங்கும் காற்று வெயிலையும் குளிரையும் தடுக்கும். மணற்காற்று வீசினால் அதன் தொங்கலால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளலாம். கிணற்றில் நீர் இறைக்கக் கயிறாகவும், உறங்கும்போது தலையணையாகவும் அது பயன்பட்டது. நிறத்திற்கும் கட்டும் முறைக்கும் பொருள் உண்டு. திருமணத்திற்குப் பளிச்சிடும் நிறங்கள்; துயர வீட்டிற்கு வெண்மை அல்லது மங்கிய நிறம். தலைப்பாகையை மாற்றிக்கொண்ட இருவர் உடன்பிறந்தாராகக் கருதப்பட்டனர். இவ்வளவு மதிப்புடையதை, ஒளிப்படத்திற்காக ஒருவர் தலையிலிருந்து கழற்றிக் கேட்பது முறையன்று. முதியவர் அந்த வேறு துணியைத் தம்பியின் தலையில் சுற்றிக் கட்டினார். தம்பி அன்றிரவு அதனுடனேயே உறங்கினான்.

காலணியும் வியப்பளித்தது. மரபுவழியில் தைக்கப்படும் அந்த ஜூத்திகளில் இடம், வலம் என்ற வேறுபாடு இல்லை. மூடிய முன்பகுதி சுடுமணலிலிருந்து விரல்களைக் காக்கும்.

அவ்வழியே சென்ற பெண்களின் ஓட்னிகளில் சிறுசிறு புள்ளிகள் நிறைந்திருந்தன. பாட்டி தம் சேலைத் தலைப்பைக் கையில் எடுத்தார். அதிலும் புள்ளிகள்! துணியை நூலால் முடிந்து, சாயத்தில் நனைத்து, முடிச்சை அவிழ்த்துப் புள்ளிகள் பெறும் முறை இரண்டிற்கும் பொது. இங்கு அது பந்தேஜ், மதுரையில் சுங்குடி. மேற்கே சௌராட்டிரத்திலிருந்து தெற்கே குடிபெயர்ந்த நெசவாளர்களே சுங்குடிக் கலையை மதுரையில் வளர்த்தவர்கள். மதுரைச் சுங்குடி 2005ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. ஓட்னி அணிந்த பெண் ஒருவரும் நின்று பாட்டியின் சேலையைத் தொட்டுப் பார்த்தார். பாட்டிக்கு இந்தி தெரியாது. அப்பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் முடிச்சிடுவதுபோல் விரல்களை அசைத்துக் காட்டிச் சிரித்தனர்.

கதிரவன் மறைந்தான். குளிர்காற்று எழுந்தது. அக்காள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாட்டி ஒன்றும் கூறாமல் சால்வையை நீட்டினார்.

ஞாயிறன்று கோட்டை வாயிலருகே, அக்காள் தன் சேமிப்பில் செந்நிறப் பந்தேஜ் ஓட்னி ஒன்றை வாங்கித் தோள்களை மூடிக்கொண்டாள். மஞ்சள் கல் மதிலின்முன் எடுத்த ஒளிப்படத்தில், கருப்புச் சட்டையின் கழுத்துப்பகுதி மட்டும் சிறிதே தெரிகிறது.

பயிற்சி

1. தார் பாலைவனத்தில் இரவு விரைந்து குளிர்வதன் காரணத்தை விளக்குக.

2. 'முடிச்சை அவிழ்த்தார்' என்பது பிறவினை. இதனைத் தன்வினைத் தொடராக மாற்றி எழுதுக.

3. நீங்கள் வாழும் ஊரின் முதியோர் அணியும் உடை ஒன்றை உற்றுநோக்குக. அஃது அவ்வூரின் தட்பவெப்பத்திற்கு எவ்வாறு பொருந்துகிறது எனப் பத்து வரிகளில் எழுதுக.